ஸ்க்ரீன் இல்லாத ராஸ்பெர்ரி பைக்கு என்ன ஐபி அட்ரஸ் வந்திருக்கு? ஒரு எல்இடி போதும், அதுவே சொல்லிடும்

எங்க வீட்டு மொட்டை மாடில தண்ணி டேங்க் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் டப்பாக்குள்ள ராஸ்பெர்ரி பை ஜீரோ டபிள்யூங்கற குட்டி கம்ப்யூட்டர் ஒண்ணு உக்காந்திருக்கு, டேங்க்ல தண்ணி எவ்ளோ இருக்குன்னு சென்சார் வெச்சு பாத்துக்கிறது அதோட வேலை, ஸ்க்ரீன் கிடையாது கீபோர்ட் கிடையாது, கரண்ட் குடுத்தா வீட்டு வைஃபைல தானா சேந்துக்கும், நான் கீழ ஹால்ல லேப்டாப்ல இருந்து எஸ்எஸ்ஹெச் போட்டு, அதாவது நெட்வொர்க் வழியாவே கமாண்ட் அடிக்கிற முறைல, உள்ள போயிடுவேன். ரொம்ப நாள் ஒழுங்கா ஓடுச்சு. அப்புறம் ஒரு நாள் நெட் கனெக்ஷன் ஆளு வந்து பழைய மோடத்தை கழட்டிட்டு புதுசு மாட்டினாரு, வைஃபை பேரும் பாஸ்வேர்டும் பழசையே வைங்கண்ணேன்னு சொன்னேன், அதே மாதிரி வெச்சுக் குடுத்தாரு, அதனால பை சத்தமில்லாம புது மோடத்துல கனெக்ட் ஆயிடுச்சு, ஆனா அதோட ஐபி அட்ரஸ், அதாவது நெட்வொர்க்ல ஒவ்வொரு மெஷினுக்கும் மோடம் குடுக்கற நம்பர், மாறிப்போச்சு. பழசு தெரியும், இப்போ என்னன்னு யாருக்கும் தெரியாது. மோடத்துக்குள்ள போய் லிஸ்ட்டை பாக்கலாம்னா அதோட அட்மின் பாஸ்வேர்டை எங்களுக்கு தரல.

ராஸ்பெர்ரிபை டாட் லோக்கல்னு பேரை போட்டு பாத்திருக்கலாமேன்னு கேப்பீங்க, பாத்தேன். அது வேலை செஞ்சா அதை விட சுலபம் வேற இல்ல, நீங்களும் முதல்ல அதையே ட்ரை பண்ணுங்க. ஆனா அந்த பேரை தேடுறது மல்ட்டிகாஸ்ட்னு ஒரு முறைல நடக்குது, அதாவது நெட்வொர்க்ல இருக்கற எல்லாருக்கும் கேக்கற மாதிரி இந்த பேருல யாரு இருக்கீங்கன்னு சத்தம் போட்டு கேக்கறது, நிறைய மோடம்ல அந்த சத்தம் ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் சரியா போறதில்ல, பை ஜீரோ டபிள்யூல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் இருக்கு, என் லேப்டாப் 5 கிகாஹெர்ட்ஸ்ல இருந்துச்சு, பேரை போட்டா பதிலே வரல. ஹாஸ்டல் வைஃபை, ஆஃபீஸ் வைஃபை எல்லாம் இதை விட மோசம், அங்க நெட்வொர்க்ல யார் யார் இருக்காங்கன்னு ஸ்கேன் பண்ற ஆப்பை ஓட்டினா அட்மின்கிட்ட இருந்து ஃபோன் வரும்.

கடைசியா டப்பாவை கழட்டி கீழ கொண்டு வந்து, மினி ஹெச்டிஎம்ஐ கேபிளை தேடிப் பிடிச்சு டிவில சொருகி, ஓடிஜி கேபிள்ல கீபோர்டை மாட்டி பாத்தேன். ஒரு மதியம் முழுக்க போச்சு. அன்னைக்குதான் முடிவு பண்ணேன், இனிமே மோடத்தையும் கேக்க வேண்டாம் ஸ்கேனரையும் கேக்க வேண்டாம், தன்னோட அட்ரஸ் என்னன்னு பைக்கு நல்லாவே தெரியும், அது வாயை திறந்து சொல்ல ஒரு வழி பண்ணிக் குடுத்தா போதும். ஒரு எல்இடி, ஒரு ரெசிஸ்டர், ஒரு புஷ் பட்டன், எல்லாம் சேத்து ரெண்டு டீ காசு கூட வராது.

முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கங்க, ஏன்னா இதுலதான் பாதி வேலை மிச்சமாகுது. ஐபி அட்ரஸ்ல நாலு நம்பர் இருக்கு, ஆனா நாலையும் பை சொல்லணும்னு இல்ல. வீட்டு மோடம், ஃபோன் ஹாட்ஸ்பாட் எல்லாத்துலயும் சப்நெட் மாஸ்க் பெரும்பாலும் 255.255.255.0னுதான் இருக்கும், அப்படின்னா அந்த நெட்வொர்க்ல இருக்கற எல்லாருக்கும் முதல் மூணு நம்பர் ஒண்ணேதான், கடைசி நம்பர் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். உங்க லேப்டாப்பும் அதே வைஃபைல இருக்கு, அப்போ லேப்டாப்போட அட்ரஸை பாத்தாலே முதல் மூணு நம்பர் கிடைச்சிடும், விண்டோஸ்ல கமாண்ட் ப்ராம்ட் திறந்து ஐபிகான்ஃபிக்னு அடிச்சா ஐபிவி4 அட்ரஸ்ங்கற வரில இருக்கும், ஃபோன்ல வைஃபை பேரை தொட்டு உள்ள போனா இருக்கும். மிச்சம் வேண்டியது கடைசி நம்பர் ஒண்ணு, அது எவ்ளோ பெருசா இருந்தாலும் 254தான், அதாவது அதிகபட்சம் மூணு இலக்கம். மூணு இலக்கத்தை சொல்ல ஒரு லைட்டு மின்னினா போதாதா?

இப்போ வயரிங். பைல 40 பின் இருக்கு, ஜீரோ டபிள்யூ வாங்கினா பின் பத்தவைக்காம வெறும் ஓட்டையோட வரும், நீங்களே சால்டர் பண்ணணும், இல்லைன்னா டபிள்யூஹெச்னு கேட்டு வாங்குங்க, அதுல பின்னோட வரும். எஸ்டி கார்டு சொருகற பக்கம்தான் எண்ண ஆரம்பிக்கணும், போர்டோட ஓரத்துல இருக்கற வரிசை ரெட்டைப்படை, உள்பக்க வரிசை ஒற்றைப்படை, போர்டை திருப்பி பாத்தீங்கன்னா ஒரே ஒரு சால்டர் புள்ளி மட்டும் சதுரமா இருக்கும், அதுதான் 1ஆம் பின். இதை ரெண்டு தடவை பாத்துக்கங்க, ஏன்னா 2ஆம் பின்னும் 4ஆம் பின்னும் 5 வோல்ட், பையோட ஜிபிஐஓ பின், அதாவது ப்ரோகிராம் வழியா நாம ஆட்டிவைக்கிற பின், எல்லாமே 3.3 வோல்ட்டுக்கு செஞ்சது, 5 வோல்ட் தெரியாம பட்டா சிப்பே போயிடும், திரும்ப வராது.

நான் எடுத்துக்கிட்டது உள்பக்க வரிசைல பக்கத்து பக்கத்துல இருக்கற 9, 11, 13. இதுல 9 கிரவுண்டு, 11தான் ஜிபிஐஓ 17, 13தான் ஜிபிஐஓ 27. பின் நம்பர் வேற ஜிபிஐஓ நம்பர் வேற, புதுசா பண்றவங்க எல்லாரும் குழம்புற இடம் இதுதான், வயரை மாட்டும்போது 11னு எண்ணணும், ப்ரோகிராம்ல 17னு எழுதணும். எல்இடில நீளமான கால் பாசிட்டிவ், அதை ஒரு 330 ஓம் ரெசிஸ்டரோட சேத்து முறுக்கி 11ல குடுங்க, குட்டையான கால் 9க்கு போகட்டும். கால் ரெண்டையும் ஏற்கனவே வெட்டிட்டீங்கன்னா எல்இடி தலைய சுத்தி தடவிப் பாருங்க, ஒரு பக்கம் மட்டும் தட்டையா இருக்கும், அது நெகட்டிவ். 330 ஓம் ரெசிஸ்டர்ல ஆரஞ்சு, ஆரஞ்சு, பிரவுன்னு கோடு இருக்கும். செவப்பு எல்இடி தனக்குன்னு 1.8ல இருந்து 2 வோல்ட் எடுத்துக்கும், மிச்சம் இருக்கற 1.3ல இருந்து 1.5 வோல்ட்டை 330 ஓம் தாங்கும், கணக்கு போட்டா நாலு மில்லிஆம்ப் சொச்சம் ஓடும், பைக்கு அது ஒண்ணுமே இல்ல. ரெசிஸ்டர் இல்லாம நேரா மாட்டாதீங்க, கொஞ்ச நேரம் எரியற மாதிரி தெரியும், ஆனா பின்னை போட்டு வதைக்கிற வேலை அது. நீலம் வெள்ளை எல்இடி வேண்டாம், அதுக்கே 3 வோல்ட் வேணும், 3.3ல மங்கலா எரியும்.

பட்டனோட ஒரு கால் 13ல, இன்னொரு கால் அதுக்கு நேர் எதிர்ல இருக்கற 14ல, அதுவும் கிரவுண்டுதான். இதுக்கு ரெசிஸ்டர் வேண்டாம், பட்டன் அமுக்காதப்போ பின்னை 3.3 வோல்ட்ல பிடிச்சு வெக்கற புல்-அப் ரெசிஸ்டர் பைக்குள்ளயே இருக்கு, அதை ப்ரோகிராம் பாத்துக்கும். நாலு கால் வெச்ச சின்ன பட்டனா இருந்தா எதிர் மூலைல இருக்கற ரெண்டு காலை எடுத்துக்கங்க, அப்போ தப்பே வராது.

சென்னைல எலக்ட்ரானிக்ஸ் கடை இருக்கற ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போறவங்க எல்லாத்தையும் பத்து பத்தா வாங்கிட்டு வந்துடுங்க, ஒண்ணு ரெண்டுன்னு கேட்டா கடைக்காரருக்கும் கஷ்டம், அடுத்த தடவை நமக்கும் வேணும்.

ப்ரோகிராமுக்கு வருவோம். பைத்தான்ல ஜிபிஐஓஜீரோன்னு ஒரு லைப்ரரி இருக்கு, ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ல டெஸ்க்டாப் போட்டிருந்தா கூடவே வரும், டெஸ்க்டாப் இல்லாம வர்ற லைட் இமேஜ்ல இல்லைன்னா ஏபிடிங்கற இன்ஸ்டால் கமாண்ட் வழியா பைத்தான்3 ஹைஃபன் ஜிபிஐஓஜீரோன்னு போட்டு இன்ஸ்டால் பண்ணிக்கங்க. அதுல எல்இடின்னு ஒண்ணு பட்டன்னு ஒண்ணு இருக்கு, எல்இடிக்கு 17ங்கற நம்பரையும் பட்டனுக்கு 27ங்கற நம்பரையும் குடுத்துட்டா மத்ததை அதுவே பாத்துக்கும், ஆன் ஆஃப்னு சொன்னா எரியும் அணையும், அவ்ளோதான்.

அட்ரஸை எடுக்க லினக்ஸ்லயே ஒரு கமாண்ட் இருக்கு, ஹோஸ்ட்நேம்னு அடிச்சு ஒரு இடைவெளி விட்டு ஒரு ஹைஃபனும் கேப்பிட்டல் ஐயும். சின்ன ஐ போட்டா வேற பதில் வரும், கேப்பிட்டல்தான் வேணும். அது மெஷின்ல இருக்கற எல்லா அட்ரஸையும் ஒரே வரில இடைவெளி விட்டு குடுக்கும், அதை பைத்தான்ல இருந்து சப்ப்ராசஸ் வழியா கூப்பிட்டு வாங்கி துண்டு துண்டா பிரிச்சுக்கங்க. அதுல கோலன் இருக்கறது ஐபிவி6, அது நமக்கு வேண்டாம், புள்ளி வெச்சதை மட்டும் எடுங்க. டாக்கர் போட்டிருந்தீங்கன்னா 172.17ல ஆரம்பிக்கிற ஒண்ணு வரும், அது வெளிய இருந்து எட்டாத உள்வீட்டு அட்ரஸ், அதை தள்ளிடுங்க. 169.254ல ஆரம்பிச்சா அது மோடம் குடுத்தது இல்ல, யாரும் அட்ரஸ் குடுக்காததால மெஷின் தானா வெச்சுக்கிட்டது, அதையும் தள்ளிடுங்க. மிச்சம் நிக்கிறதுல முதல் அட்ரஸை புள்ளி புள்ளியா உடைச்சு கடைசி துண்டை எடுத்தா, அதுதான் நம்ம நம்பர்.

அடுத்தது மின்னுற முறை, இதை யோசிச்சு வெக்கணும். 3னா மூணு தடவை மின்னணும், சரி, 0க்கு என்ன பண்றது? சில பேர் பத்து தடவை மின்ன விடுவாங்க, எனக்கு அது பிடிக்கல, பத்தை எண்ணும்போது ஒண்ணு விட்டுப்போகும், ஒன்பதா பத்தான்னு சந்தேகம் வரும். நான் 0க்கு ஒரே ஒரு நீளமான வெளிச்சம் வெச்சேன், ரெண்டு செகண்ட் நின்னு எரியும், யார் பாத்தாலும் இது வேறன்னு தெரியும். சாதாரண மின்னல் கால் செகண்ட் எரிஞ்சு கால் செகண்டுக்கு கொஞ்சம் மேல அணையணும், இலக்கத்துக்கும் இலக்கத்துக்கும் நடுவுல ஒண்ணரை செகண்ட் இருட்டு. வேகமா வெச்சா ஸ்டைலா இருக்கும்னு தோணும், ஆனா எண்ணப்போறது மனுஷன், 8ம் 9ம் வேகத்துல ஒண்ணுதான்.

முதல்ல நான் இதை மட்டும் எழுதி விட்டுட்டு அம்மாவை மாடிக்கு அனுப்பினேன். நான் கீழ, அம்மா மேல டப்பாகிட்ட, கைல ஃபோன்.

"லைட்டு எத்தனை தடவை மின்னுதும்மா?"

"ஏழு மின்னுச்சுடா. இரு இரு, நின்னுச்சு. இப்போ மூணு."

73 போட்டு பாத்தேன், யாரும் இல்ல. பத்து நிமிஷம் போராடினப்புறம்தான் புரிஞ்சுது, நம்பர் 37, அது 37 37 37ன்னு திரும்ப திரும்ப மின்னிக்கிட்டிருக்கு, அம்மா பாதில எண்ண ஆரம்பிச்சிருக்காங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல, எங்க ஆரம்பம்னு லைட்டு சொல்லவே இல்லையே. அதனால ஒவ்வொரு சுத்துக்கு முன்னாடியும் ஒரு படபடப்பு வெச்சேன், ஒரு செகண்டுக்குள்ள எட்டு தடவை வேகமா துடிக்கும், அப்புறம் ரெண்டு செகண்ட் இருட்டு, அதுக்கப்புறம்தான் நம்பர். படபடன்னு அடிச்சதும் எண்ண ஆரம்பிங்கன்னு சொன்னா போதும், சின்னப் பசங்களே சொல்லிடுவாங்க. நீங்க என்ன மாத்தினாலும் மாத்துங்க, இந்த ஆரம்ப அடையாளத்தை மட்டும் விட்டுடாதீங்க.

ப்ரோகிராமோட ஓட்டம் இப்படி வரணும்: ஆரம்பிச்சதும் அட்ரஸ் இருக்கான்னு பாக்கணும், இல்லைன்னா ஒரே ஒரு குட்டி மின்னல் மின்னி ரெண்டு செகண்ட் பொறுத்து மறுபடியும் பாக்கணும், கிடைக்கிற வரைக்கும் இதையே பண்ணிக்கிட்டிருக்கணும். ஏன்னா பூட் ஆன உடனே வைஃபை சேராது, ஜீரோல கொஞ்சம் நேரம் பிடிக்கும், அதுக்குள்ள ப்ரோகிராம் ஓடி ஒண்ணும் இல்லைன்னு செத்துப்போனா பிரயோஜனம் இல்ல. அட்ரஸ் கிடைச்சதும் மூணு சுத்து மின்னிட்டு லைட்டை அணைச்சுட்டு பட்டனுக்காக காத்திருக்கணும், பட்டனை அமுக்கினா அட்ரஸை புதுசா வாங்கி மறுபடி மூணு சுத்து. புதுசா வாங்கறது முக்கியம், பழசை மனசுல வெச்சுக்கிட்டு மோடம் மாறினப்புறமும் அதையே சொன்னா நம்மளை சுத்தல்ல விடும்.

இப்படி பண்ணா லைட்டு ஐபி மட்டும் சொல்லாது, வியாதியும் சொல்லும். லைட்டே வரலைன்னா கரண்ட் இல்ல, எஸ்டி கார்டு போச்சு, இல்ல ப்ரோகிராம் ஓடல. குட்டி மின்னல் மட்டும் வந்துக்கிட்டே இருந்தா பை நல்லா இருக்கு, வைஃபைதான் சேரல, பாஸ்வேர்டை பாருங்க. நம்பர் வருது ஆனா உள்ள போக முடியலைன்னா எஸ்எஸ்ஹெச் ஆன் பண்ணலையான்னு பாருங்க. இந்த மூணையும் மாடிக்கு ஏறாமயே பிரிச்சு பாக்க முடியறது எனக்கு ஐபி தெரியறதை விட பெரிய நிம்மதி.

பூட் ஆனதும் தானா ஓட, சொன்ன நேரத்துல கமாண்டை ஓட்டி விடற க்ரான்டேப் போதும். க்ரான்டேப் ஹைஃபன் இன்னு அடிச்சு, கடைசி வரில அட் குறி போட்டு ரீபூட்னு எழுதி, பக்கத்துல பைத்தான்3 இருக்கற முழு பாத், அப்புறம் உங்க ஃபைலோட முழு பாத். ரெண்டையும் முழுசா ஸ்லாஷ்ல ஆரம்பிச்சு எழுதுங்க, கையால ஓட்டினா ஓடுது பூட்ல ஓடலன்னு வர்ற புகார்ல நிறைய இந்த பாத்னாலதான் வருது. சிஸ்டம்டி தெரிஞ்சவங்க சர்வீஸ் ஃபைலா எழுதிக்கங்க, அது இன்னும் நல்லது, நடுவுல செத்தாலும் திரும்ப எழுப்பி விடும்.

ஆஃபீஸ் காலேஜ் மாதிரி பெரிய நெட்வொர்க்ல மாஸ்க் 255.255.252.0ன்னெல்லாம் இருக்கும், அங்க மூணாவது நம்பரும் மாறும், அதனால பட்டனை மூணு செகண்ட் அமுக்கிப் பிடிச்சா கடைசி ரெண்டு நம்பரையும் நடுவுல இன்னொரு படபடப்போட சொல்ற மாதிரி வெச்சுக்கங்க.

எல்இடி கூட வாங்க வழியில்ல, இல்ல பின் சால்டர் பண்ணல, அப்போ போர்டுலயே இருக்கற பச்சை லைட்டையே எடுத்துக்கலாம். சிஸ் ஃபோல்டருக்குள்ள கிளாஸ், அதுக்குள்ள லெட்ஸ், அதுக்குள்ள ஏசிடின்னு கேப்பிட்டல்ல ஒரு ஃபோல்டர் இருக்கும், பழைய ஓஎஸ்ல லெட்0ன்னு இருக்கும். அதுல ட்ரிகர்ங்கற ஃபைல்ல நன்னு எழுதினா, அதாவது எதுவும் இல்லைன்னு அர்த்தம் வர்ற என் ஓ என் இ நாலு எழுத்து, எஸ்டி கார்டு ஓடுறதுக்கு மின்னுறதை நிறுத்திடும், அப்புறம் ப்ரைட்னஸ் ஃபைல்ல 1 எழுதினா எரியும் 0 எழுதினா அணையும், ஜீரோல பழைய ஓஎஸ்னா இது தலைகீழா இருக்கும். ரூட் உரிமை வேணும். மாத்தறதுக்கு முன்னாடி ட்ரிகர் ஃபைலை படிச்சு சதுர அடைப்புக்குள்ள என்ன இருக்குன்னு குறிச்சு வெச்சு, மின்னி முடிச்சதும் அதையே திருப்பி எழுதிடுங்க. லைட்டு கடுகு சைஸ்தான், டப்பாக்குள்ள இருந்தா தெரியாது, மேஜை மேல வெச்சு பாக்க சரி.

இதெல்லாம் சரி, ஆனா ப்ரோகிராமை உள்ள போடவே முதல்ல பைக்குள்ள போகணுமே, அதுக்கே ஐபி வேணுமே? அங்கதான் சீரியல் கேபிள். யூஎஸ்பி டிடிஎல் கன்வெர்ட்டர்னு கேட்டு வாங்குங்க, சிபி2102, சிஹெச்340ன்னு சிப் பேரு சொன்னாலும் குடுப்பாங்க, கட்டைவிரல் சைஸ்ல இருக்கும். பை வெச்சு விளையாடுற ஒவ்வொருத்தர் டப்பாலயும் இது ஒண்ணு இருந்தே ஆகணும்னு நான் சொல்லுவேன், ஏன்னா நெட்வொர்க்கே இல்லாம உள்ள போற வழி இது. மூணு வயர் போதும்: கன்வெர்ட்டரோட கிரவுண்டு பையோட 6ல, கன்வெர்ட்டரோட ஆர்எக்ஸ் பையோட 8ல, டிஎக்ஸ் பையோட 10ல. டிஎக்ஸ் பேசற கால், ஆர்எக்ஸ் கேக்கற கால், பைல 8 டிஎக்ஸ், 10 ஆர்எக்ஸ். ஒருத்தர் பேசறது இன்னொருத்தர் காதுக்கு போகணும், அதனால குறுக்க மாட்டணும், டிஎக்ஸ்க்கு டிஎக்ஸ் மாட்டினா ரெண்டு பேரும் பேசுவாங்க யாரும் கேக்க மாட்டாங்க. அதுல 5 வோல்ட்னு போட்டிருக்கற வயரை மாட்டாதீங்க, பைக்கு அதோட சொந்த சார்ஜர்லயே கரண்ட் குடுங்க. சில கன்வெர்ட்டர்ல 3.3, 5ன்னு மாத்தற ஜம்பர் இருக்கும், 3.3ல வைங்க.

எஸ்டி கார்டை லேப்டாப்ல போட்டா பூட் பார்ட்டிஷன் திறக்கும், அதுல கான்ஃபிக் டாட் டிஎக்ஸ்டி ஃபைலோட கடைசில எனேபிள் அண்டர்ஸ்கோர் யூஆர்ட் ஈக்வல் 1ன்னு ஒரு வரி சேத்து சேவ் பண்ணிட்டு கார்டை திரும்ப பைல போடுங்க. யூஆர்ட்ங்கறது நாலு எழுத்து, யூ ஏ ஆர் டி. லேப்டாப்ல புட்டிங்கற ப்ரோகிராமை திறந்து சீரியல்னு தேர்ந்தெடுத்து, டிவைஸ் மேனேஜர்ல என்ன காம் நம்பர் காட்டுதோ அதை குடுத்து, வேகம் 115200 வெச்சு திறந்துட்டு அப்புறம் பைக்கு கரண்ட் குடுங்க. கருப்பு ஸ்க்ரீன்ல வரி வரியா எழுத்து ஓடி வந்து கடைசில லாகின்னு நிக்கும், முதல் தடவை அதை பாக்கும்போது வர்ற சந்தோஷம் தனி. எழுத்து கோணல்மாணலா குப்பையா வந்தா வேகம் தப்பு, இல்ல கிரவுண்டு வயர் லூஸு. ஒண்ணுமே வரலைன்னா 8ஐயும் 10ஐயும் மாத்திப் பாருங்க. லேப்டாப் இல்லாத இடத்துல ஆண்ட்ராய்டு ஃபோன்ல ஓடிஜி வழியா இதே கன்வெர்ட்டரை சொருகி சீரியல் டெர்மினல் ஆப் ஒண்ணு போட்டு பாக்கலாம், நான் மாடில வெயில்ல நின்னு அப்படித்தான் பண்ணேன். பை 5 வெச்சிருக்கறவங்களுக்கு மட்டும் கொஞ்சம் வேற, ரெண்டு மைக்ரோ ஹெச்டிஎம்ஐ ஓட்டைக்கு நடுவுல மூணு பின் வெச்ச குட்டி கனெக்டர் இருக்கு, சீரியல் அங்கதான் வரும், அதுக்கு தனி கேபிள் வாங்கணும்.

லாகின் பேரு பை, பாஸ்வேர்ட் ராஸ்பெர்ரின்னு பழைய பழக்கத்துல அடிக்காதீங்க, 2022 ஏப்ரல்ல அந்த டீஃபால்ட் ஆளையே எடுத்துட்டாங்க, கார்டுல ஓஎஸ்ஸை எழுதும்போது இமேஜர்ங்கற ப்ரோகிராம்ல நீங்க என்ன பேரு வெச்சீங்களோ அதுதான். உள்ள போனதும் மேல சொன்ன ஹோஸ்ட்நேம் கமாண்டை அடிச்சா அட்ரஸ் வந்துடும். இன்னொண்ணு பண்ணி வெச்சுக்கங்க, இடிசி ஃபோல்டர்ல இஷ்யூன்னு ஒரு ஃபைல் இருக்கு, லாகின் கேக்கறதுக்கு முன்னாடி வர்ற வரி அதுல இருந்துதான் வருது, அதுல பேக்ஸ்லாஷ் போட்டு 4 போட்டு, வளைஞ்ச அடைப்புக்குள்ள டபிள்யூலேன்0ன்னு எழுதி வெச்சா, டபிள்யூ எல் ஏ என் 0, அடுத்த தடவை பாஸ்வேர்ட் கூட அடிக்காம லாகின் வரிக்கு மேலயே அட்ரஸ் நிக்கும். வைஃபை சேர முன்னாடி வெறுமையா இருந்தா என்டரை ஒரு தட்டு தட்டுங்க, புதுசா காட்டும்.

காசு கொஞ்சம் செலவு பண்ணலாம்னா 0.96 இன்ச் ஓஎல்இடி டிஸ்ப்ளே, எஸ்எஸ்டி1306 சிப் போட்டது, நாலே வயர்தான்: 3.3 வோல்ட் 1ல, எஸ்டிஏ 3ல, எஸ்சிஎல் 5ல, கிரவுண்டு 6ல. வாங்கின டிஸ்ப்ளேல என்ன எழுதியிருக்குன்னு கண்ணால படிச்சு மாட்டுங்க, சிலதுல முதல் பின் கிரவுண்டு, சிலதுல முதல் பின் விசிசி, அதாவது பிளஸ், பாக்க ரெண்டும் அச்சு அசல் ஒண்ணுதான், மாத்தி குடுத்தா சூடாகி போயிடும். ராஸ்பி கான்ஃபிக்ங்கற செட்டிங்ஸ் மெனுல ஐ2சியை, அதாவது எஸ்டிஏ எஸ்சிஎல் ரெண்டு வயர்ல பேசற முறையை, ஆன் பண்ணிட்டு லூமா ஓஎல்இடி லைப்ரரியை வெச்சு எழுதினா முழு அட்ரஸும் தெரியும். எந்நேரமும் எரிய விடாதீங்க, ஒரே எழுத்து நின்னுக்கிட்டே இருந்தா அந்த இடம் மங்கிடும், பட்டனை அமுக்கினா அரை நிமிஷம் காட்டினா போதும். 16க்கு 2 எல்சிடி ஏற்கனவே வீட்டுல இருக்குன்னாலும் சரிதான், ஐபிவி4 அட்ரஸ் எவ்ளோ பெருசா இருந்தாலும் புள்ளியோட சேத்து 15 எழுத்து, ஒரு வரில உக்காந்துடும், ஆனா அதோட முதுகுல இருக்கற ஐ2சி போர்டு 5 வோல்ட்ல ஓடும்போது சிக்னல் வயரையும் 5 வோல்ட்டுக்கு இழுக்கும், அதனால நடுவுல சிக்னலை 3.3க்கு இறக்கற ஒரு லெவல் கன்வெர்ட்டர் போடாம பைல மாட்டாதீங்க.

என் டப்பால நான் எல்இடியோடவே நின்னுட்டேன். ஒரே பிரச்சனை உச்சி வெயில், பன்னெண்டு மணிக்கு மாடில செவப்பு எல்இடி எரியுதா இல்லையான்னே தெரியல, அம்மா கையால மறைச்சு மறைச்சு பாத்தாங்க. அதுக்கு ஒரு பஸ்ஸர் சேத்தேன், ஆக்டிவ் பஸ்ஸர்னு கேட்டு வாங்கணும், கரண்ட் குடுத்தாலே கத்தும். அதை பின்ல நேரா மாட்டக்கூடாது, அது இழுக்கற கரண்ட் பின்னுக்கு ஜாஸ்தி, பிசி547 டிரான்சிஸ்டர் ஒண்ணு நடுவுல வைங்க: தட்டையான முகம் நம்மளை பாக்க, கால் கீழ இருக்க பிடிச்சா இடதுல இருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். எமிட்டர் கிரவுண்டுக்கு, பேஸ் ஒரு 1 கே ரெசிஸ்டர் வழியா அதே 11ஆம் பின்னுக்கு, பஸ்ஸரோட மைனஸ் கலெக்டருக்கு, பிளஸ் 5 வோல்ட்டுக்கு. இதனால லைட்டும் சத்தமும் ஒண்ணா வரும், ப்ரோகிராம்ல ஒரு வரி கூட மாத்த வேண்டாம்.

அதுக்கப்புறம் மறுபடியும் ஒரு தடவை மோடத்தை மாத்தினாங்க. அம்மா துணி காயப்போட மேல போயிருந்தாங்க, பட்டனை ஒரு தட்டு தட்டுங்கம்மான்னு கீழ இருந்து கத்தினேன், மாடிப்படி வழியா சத்தம் எனக்கே கேட்டுச்சு, படபடன்னு ஒரு துடிப்பு, அப்புறம் பீப்னு ஒண்ணு, அப்புறம் நீளமா ஒண்ணு, அப்புறம் நாலு. "ஒண்ணு, சைபர், நாலுடா"ன்னு அம்மா மேல இருந்து சொல்றதுக்குள்ள நான் 192.168.0.104 அடிச்சு பாஸ்வேர்ட் கேக்கற வரிக்கு வந்திருந்தேன்.